சுவருக்குள் ஒரு லாரித் தண்ணீர்

ஐப்பசி அடைமழையில் எங்கள் ஊர் வீட்டின் பின்கதவு நிலையோடு இறுகிக்கொள்ளும். தோளைக் கொடுத்து முட்டினால்தான் திறக்கும். பங்குனி வெயிலில் அதே கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஒரு ரூபாய்க் காசு நுழையும் அளவுக்குச் சந்து தெரியும். தாத்தா காலத்துக் கதவு அது. அறுத்துப் பல்லாண்டு ஆகியும், மேலே எத்தனை பூச்சு பூசியும் மரம் ஈரத்தோடு வைத்திருக்கும் கொடுக்கல் வாங்கலை விடவில்லை. ஓர் அங்குலப் பலகைக்கே இந்தப் பாடு என்றால், முழு மரங்களைப் படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவர் எழுப்புகிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

நார்வே, ஸ்வீடன், ஃபின்லாந்து, ரஷ்யா ஆகிய ஊசியிலைக் காட்டு நாடுகளில் வீடு என்றால் நெடுங்காலம் இதுதான். 1638இல் டெலவேர் ஆற்றங்கரையில் குடியேறிய ஸ்வீடன், ஃபின்லாந்து மக்கள் இந்த வித்தையை வட அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். லாக் ஹவுஸ் என்று அங்கே சொல்வதை, நம் மரவாடிச் சொல்லை எடுத்து உருட்டுமர வீடு எனலாம். படுக்கும் ஒவ்வொரு மரமும் ஒரு தடி.

ஒரு தடியின் கணக்கைப் பார்ப்போம். ராக்கி மலையில் வளரும் லாட்ஜ்போல் பைன், 30 செ.மீ. விட்டம், 10 மீட்டர் நீளம். இதில் தண்ணீரைக் கழித்துவிட்டால் மரப்பொருள் சுமார் 270 கிலோ. வெட்டிய புதிதில் மையத்தை ஒட்டிய வைரப் பகுதியில் ஈரம் 41 சதவீதம், பட்டையை ஒட்டிய வெளிறில் 120 சதவீதம். நூறைத் தாண்டுகிறதே என்று திகைக்க வேண்டாம். மரத்துறையில் ஈரத்தைக் காய்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டுத்தான் சொல்வார்கள். சராசரி 80 என்று வைத்தால் தடிக்குள் 215 லிட்டர் தண்ணீர். சுவராக நின்று 15 சதவீதத்துக்கு இறங்கும்போது 40 லிட்டர்தான் மிஞ்சும். அறுபது தடிகள் கொண்ட சிறிய வீட்டுக்குப் பெருக்கிப் பாருங்கள்: பத்தாயிரம் லிட்டருக்கு மேல். சென்னையில் கோடைக்குத் தெருமுனையில் வந்து நிற்கும் தண்ணீர் லாரியில் ஒரு முழு லாரி.

உருட்டுமரக் கட்டுமானம் பற்றிப் பேசுகிறவர்கள் மரம் எவ்வளவு காய்ந்திருக்க வேண்டும் என்று கேட்டே சண்டையிட்டுக்கொள்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வி பாதிதான் என்று படுகிறது. அந்த லாரித் தண்ணீர் எப்படியும் வெளியேறப் போகிறது. அது நிற்கும் மரத்திலேயே வெளியேறட்டுமா, வெட்டி அடுக்கிய களத்திலா, சூளையிலா, இல்லை கட்டிய சுவரிலா? வெவ்வேறு ஊர்த் தச்சர்கள் இதற்கு வெவ்வேறு பதில் சொன்னார்கள். பதிலுக்கு ஏற்றபடி வீட்டின் மூட்டும் சன்னலும் கூரையும் மாறின.

முதலில் மரத்துக்குள் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு பகுதி நுண்குழல்களின் பொந்துக்குள் சும்மா நிற்கிறது. இன்னொரு பகுதி குழல்களின் சுவருக்குள்ளேயே ஊறிப் பிணைந்திருக்கிறது. பொந்துத் தண்ணீர் முழுவதும் போனாலும் மரம் இம்மியும் சுருங்காது, எடைதான் குறையும். ஈரம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் சுவர்த் தண்ணீர் கழலத் தொடங்குகிறது. சுருக்கம் அங்கே ஆரம்பிக்கிறது. வெட்டிப் பல மாதம் ஆகியும் தடி அப்படியே இருக்கிறதே, இது சுருங்காத ஜாதி என்று நம்பி ஏமாறுகிறவர்கள் இந்த எல்லையை இன்னும் தொடாத மரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சுருங்கினாலும் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்கினால் தொல்லை இல்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மேடிசன் நகரில், 1910 முதல் இயங்கும் வனப்பொருள் ஆய்வகம் நூற்றுக்கு மேற்பட்ட மரங்களை அளந்து வைத்திருக்கிறது. பச்சையிலிருந்து முற்றிலும் காயும்வரை லாட்ஜ்போல் பைன் மையத்திலிருந்து பட்டையை நோக்கிய ஆரவாக்கில் 4.3 சதவீதமும், ஆண்டு வளையத்தை ஒட்டிய சுற்றுவாக்கில் 6.7 சதவீதமும் சுருங்குகிறது. வெஸ்டர்ன் ரெட் சீடருக்கு இவை 2.4, 5.0. நம் தேக்குக்கு 2.5, 5.8. நீளவாக்கில் மட்டும் எந்த மரமும் அனேகமாகச் சுருங்குவதே இல்லை, 0.1 அல்லது 0.2 சதவீதம், அவ்வளவுதான்.

இந்த மூன்று எண்களில் உருட்டுமர வீட்டின் முழுத் தலையெழுத்தும் அடங்கியிருக்கிறது. ஒரு வட்டத்தின் விட்டம் 4 சதவீதம் குறைந்தால் சுற்றளவும் 4 சதவீதம்தான் குறைய வேண்டும். மரமோ சுற்றுவாக்கில் அதைவிடக் கூடுதலாகச் சுருங்கப் பார்க்கிறது. துணி போதாமல் தைத்த சட்டையாகத் தடி எங்காவது ஓரிடத்தில் கிழிந்தே ஆக வேண்டும். போதாக்குறைக்கு வெளிப்புறம் முதலில் காய்கிறது. உள்ளே இன்னும் பருமனாக இருக்கும் ஈர மரத்தைச் சுற்றி இறுகுகிறது. பட்டையிலிருந்து மையத்தை நோக்கி ஆப்பு வடிவில் ஓடும் வெடிப்பு அப்படித்தான் பிறக்கிறது. நடுக்குருத்து உள்ளே இருக்கும் முழுத் தடி வெடிக்காமல் காய வேண்டும் என்று ஆசைப்படுவது வீண். வெடிப்பு எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதை மட்டும் நாம் முடிவு செய்யலாம்.

ஸ்காண்டிநேவிய முறையில் மேல்தடியின் அடிவயிற்றில் நீளமாக ஒரு பள்ளம் குடைந்து, கீழ்த்தடியின் முதுகு அதில் பொருந்தும்படி உட்காரவைப்பார்கள். தடியின் முதுகில் விட்டத்தில் கால்பங்குக்குக் குறையாமல், பாதியைத் தாண்டாமல், நீளவாக்கில் ஒரு ரம்ப வெட்டு. காயும்போது அழுத்தமெல்லாம் அந்தப் பலவீனமான கோட்டைத் தேடி வந்து அதையே அகலமாக்குகிறது. மேல்தடியின் பள்ளம் அதை மூடிக்கொள்வதால் மழை உள்ளே இறங்காது, கண்ணுக்கும் தெரியாது. இந்த வெட்டு இல்லாத வீட்டில் வெளிச்சுவரில் தடியின் மேல்பாதியில் வெடிப்பு விழுந்தால் அது மழைநீர் பிடிக்கும் தொட்டியாகிவிடும். பத்து ஆண்டு கழித்து உளுத்துப்போன தடியை மாற்ற நேரும்போது அந்த ஒரு ரம்ப வெட்டின் மதிப்பு தெரியும்.

எப்போது வெட்டுவது என்ற கேள்விக்கு ஈராயிரம் ஆண்டு வயது. ரோமானியக் கட்டடக்காரர் விட்ருவியஸ் கருங்கடல் ஓரத்துக் கோல்கிஸ் மக்கள் மரங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி வீடு கட்டுவதை எழுதியிருக்கிறார். இலையுதிர் காலம் தொடங்கி மேல்காற்று வீசும் முன் வெட்ட வேண்டும் என்று சொன்னவரும் அவரே. குளிர்காலத்தில் உயிர்நீர் வேருக்கு இறங்கிவிடுகிறது என்ற நம்பிக்கை அன்றிலிருந்து ஓயவில்லை. அளந்து பார்த்தால் அது நிற்பதில்லை. பல ஊசியிலை மரங்களில் குளிர்காலத்து வெளிறின் ஈரம் கோடையைவிடக் குறைவதில்லை, கூடுவதும் உண்டு. ஆனாலும் குளிர்காலத்தில் வெட்டுவதுதான் சரி, காரணம்தான் வேறு. வண்டும் பூஞ்சையும் அப்போது உறங்குகின்றன. உறைபனியில் இழுத்துவந்தால் தடியில் மண்ணும் கல்லும் ஏறாது. குளிர்க்காற்றில் மெல்லக் காய்வதால் வெடிப்பும் குறைவு. பழையவர்கள் விடையைச் சரியாகப் பிடித்துக்கொண்டு வழியைத் தவறாகப் போட்டிருந்தார்கள். மூங்கிலைத் தேய்பிறையில் வெட்டச் சொல்லும் நம் ஊர்க்காரர்களுக்கு ஆல்ப்ஸ் மலைத் தச்சர்களில் கூட்டாளிகள் உண்டு. அங்கும் நிலவு பார்த்து வெட்டிய மரத்துக்குத் தனி மதிப்பு.

பட்டையுரிப்புக்கு ஏற்ற காலம் குளிர்கால வெட்டுக்கு நேர் எதிர். வசந்தத்தில் பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே வழவழப்பான ஈரப்படலம் இருக்கும். தட்டையான இரும்பை நுழைத்து நெம்பினால் வாழைப்பட்டை போலக் கழன்று வரும். குளிரில் வெட்டிய தடியில் பட்டை ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த இழுப்புக் கத்தியால் அங்குலம் அங்குலமாகச் சீவ வேண்டும். முதுகு ஒடியும் வேலை. சிலர் உயர் அழுத்தத் தண்ணீர் பீய்ச்சி உரிக்கிறார்கள். எப்படியானாலும் உரிக்காமல் போட்டுவைப்பதுதான் பெரிய பிழை. பட்டைக்குள் ஈரம் அடைபட்டு, பட்டைவண்டு குடியேறி, வெளிறில் நீலக்கறை படர்ந்துவிடும்.

வெட்டும் முன்பே உலர்த்திவிடுவது ஒரு மரபு. மரத்தை மையம்வரை வெட்டி, சாறு வடிந்து காயும்வரை நிற்கவிடச் சொல்கிறார் விட்ருவியஸ். பர்மாவில் தேக்குக்கு இதே முறைதான். அடிமரத்தைச் சுற்றி வெளிறு முழுவதும் அறும்படி வளையம் வெட்டிவிடுவார்கள். மரம் நின்றபடியே சாகும். இரண்டு மூன்று ஆண்டு கழித்துச் சாய்ப்பார்கள். பச்சைத் தேக்கு தண்ணீரில் மூழ்கும், நின்று காய்ந்த தேக்கு மிதக்கும். யானைகள் இழுத்துவந்து ஓடையில் தள்ளினால் ஐராவதி ஆறு சுமந்துபோகும். காரைக்குடி வட்டாரத்துச் செட்டிநாட்டு வீடுகளில், கைகொண்டு கட்ட முடியாத பருமனில் பளபளக்கும் பர்மாத் தேக்குத் தூண்கள் பலவும் இந்த வழி வந்தவை. அந்தத் தூண்களின் நேர்த்தியைப் புகழ்கிறவர்கள் தச்சரை நினைக்கிறார்கள். காட்டில் வளையம் வெட்டிவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தவரையும் கொஞ்சம் நினைக்கலாம்.

ஃபின்லாந்தின் லாப்லாந்துப் பகுதியில் இந்த வேலையை இயற்கையே செய்கிறது. வயதாகி இறந்த பைன் மரம் பட்டை உதிர்ந்து, வெள்ளிச் சாம்பல் நிறமாகி, பல பத்தாண்டுகள் விழாமல் நிற்கும். கெலோ என்று பெயர். வெடிக்க வேண்டியதெல்லாம் வெடித்து, முறுக வேண்டியதெல்லாம் முறுகி முடிந்த மரம். கெலோவால் கட்டிய வீடு இறங்குவது மிகக் குறைவு. ஆனால் இப்படிப்பட்ட மரத்தைப் பயிரிட முடியாது; பிற இடத்தில் வாழாத பூஞ்சைகளுக்கும் பூச்சிகளுக்கும் அது வீடு. சுற்றுலா விடுதிகளின் ஆசைக்கு அந்தக் காடு ஈடுகொடுக்குமா என்ற கேள்வி நியாயமானது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் நின்று காய்ந்த மரம் வேறு விதமாக வந்து குவிந்தது. 1990களின் பிற்பகுதியில் கிளம்பிய மலைப்பைன் வண்டு 1.8 கோடி ஹெக்டேருக்கு மேற்பட்ட காட்டைத் தாக்கியது. வண்டோடு வந்த பூஞ்சை வெளிறை நீலமாக்கியது. வலிமைக்கு அந்த நீலத்தால் பெரிய குறை இல்லை, அழகுக்குத்தான் ஆளைப் பொறுத்த தீர்ப்பு. இத்தகைய மரத்தை வாங்குகிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உச்சி காய்ந்திருந்தாலும் தரையை ஒட்டிய அடிமரம் ஈரமாகவே இருக்கக்கூடும். செத்த மரம் என்பதும் காய்ந்த மரம் என்பதும் ஒன்றல்ல.

மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு சோதனை உண்டு; கருவி எதுவும் வேண்டாம். உரித்த தடிமேல் வலது உள்ளங்கையை வைத்து, விரல்களைத் தடியின் நீளத்தை நோக்கி நீட்ட வேண்டும். மெல்லிய வெடிப்புக் கோடுகள் மர இழையின் ஓட்டத்தைக் காட்டும். கோடு கட்டைவிரல் பக்கம் சாய்ந்தால் இடமுறுக்கு, சுண்டுவிரல் பக்கம் சாய்ந்தால் வலமுறுக்கு. இளம் ஊசியிலை மரம் பெரும்பாலும் இடப்பக்கம் முறுகித் தொடங்கி, வயதாக ஆக வலப்பக்கம் திரும்பும். வெளிப்பக்க இழைகள் உட்பக்கத்துக்கு எதிராக ஓடுவதால் வலமுறுக்குத் தடி காயும்போது ஓரளவு தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும். கடைசிவரை இடமுறுக்காகவே நின்ற மரத்தில் உள்ளும் புறமும் ஒரே திசையில் இழுக்கும். அது காயக் காயத் துணி பிழிவதுபோலத் திருகிக்கொண்டு மூலைமூட்டைத் தூக்கிவிடும். கடுமையான இடமுறுக்குத் தடியைத் தச்சர்கள் நீளச்சுவருக்குச் சேர்க்கமாட்டார்கள். சேர்த்தே ஆக வேண்டுமென்றால் கீழ்வரிசையில் போட்டு மேலுள்ள பாரத்தால் அடக்குவார்கள்.

களத்தில் காயவைப்பதில் புதிர் எதுவும் இல்லை. தரையிலிருந்து உயர்த்தி, வரிசைக்கு வரிசை குறுக்குச் சட்டம் வைத்து, வெயில் நேராக விழாமல் காற்று மட்டும் புகுந்து போகும்படி அடுக்க வேண்டும். தடியின் இரு முனைகளில் மெழுகுப் பூச்சு அவசியம். நுண்குழல்களின் வாய் திறந்திருப்பது அங்கேதான், பக்கவாட்டைவிடப் பத்துப் பதினைந்து மடங்கு வேகமாக ஈரம் ஓடும். பூசாவிட்டால் முனைகள் முந்திச் சுருங்கிப் பிளந்துவிடும்.

புதிர் காலக் கணக்கில்தான். அங்குலத்துக்கு ஓர் ஆண்டு என்ற வாய்மொழி எல்லா நாட்டுத் தச்சரிடமும் உண்டு. அது பலகைக்கான கணக்கு. பருமன் இரண்டு மடங்கானால் காயும் காலம் ஏறக்குறைய நாலு மடங்காகும். ஓர் அடி விட்டமுள்ள தடியின் நடுப்பகுதி காயும்வரை காத்திருந்து வீடு கட்ட நினைத்தால் பேரன்தான் பால் காய்ச்ச வேண்டியிருக்கும். மழைக்குக் கூரை போட்டு ஓரிரு ஆண்டு வைத்த தடியைக் காய்ந்த மரம் என்று சொல்லி விற்கிறார்கள். மேல்தோல் காய்ந்து, வயிற்றில் ஈரத்தோடு இருக்கும் மரம் அது.

இங்கேதான் 19 சதவீதம் என்ற முத்திரை வருகிறது. அமெரிக்காவில் காய்ந்த கட்டுமான மரம் என்பதற்கு இதுவே எல்லை. அதற்கு மேல் பச்சை. சூளையில் உலர்த்தி விற்கும் நிறுவனங்கள் இந்த எண்ணைப் பெரிதாக அச்சிடுகின்றன. எங்கே குத்திப் பார்த்தது என்பதுதான் என் முதல் கேள்வி. ஊசி வைத்த ஈரமானி ஓர் அங்குல ஆழத்தைச் சொல்லும். மேலே 15 காட்டும் தடி உள்ளே 30க்கு மேல் வைத்திருக்கலாம். உண்மை தெரிய ஒரே வழிதான்: தடியின் முனையிலிருந்து நன்றாகத் தள்ளி வட்டமாக ஒரு வில்லை அறுத்து உடனே எடைபோட வேண்டும். 103 டிகிரி செல்சியஸ் அடுப்பில் எடை இனிமேல் குறையாது என்னும்வரை வைத்து மறுபடி எடைபோட வேண்டும். குறைந்த எடையைக் காய்ந்த எடையால் வகுத்தால் வருவதே ஈரம். வில்லையை வெளிவளையம், நடுவளையம், மையம் என்று மூன்றாக வெட்டித் தனித்தனியாக அளந்தால் தடியின் குட்டு வெளிப்பட்டுவிடும்.

சூளைக்கு வேறு நன்மைகள் உண்டு, மறுக்கவில்லை. தடியின் மையம் 56 டிகிரியில் அரைமணி நேரம் இருந்தால் புழுவும் வண்டும் சாகும். கப்பலேறும் மரப்பெட்டிகளுக்கும் இதே விதிதான். பிசின் கெட்டிப்படும். உலர்ந்த பிறகு இயந்திரத்தில் செதுக்குவதால் அளவு சீராக இருக்கும். ஆனால் அரைகுறையாகக் காய்ந்த தடியை முழுதாகக் காய்ந்தது என்று நம்பி, இறங்குவதற்கு இடம் விடாமல் கட்டிய வீட்டைவிட, பச்சை என்று தெரிந்தே கட்டிய வீடு நல்லது என்பது என் கட்சி.

பச்சைத் தடியால் கட்டுவது அலட்சியம் அல்ல, ஒரு முறை. 1970களில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பி. ஆலன் மேக்கி போன்றவர்கள் இந்தக் கைவினையைப் புதுப்பித்தபோது அதைத்தான் கற்பித்தார்கள். பச்சை மரம் கத்திக்கு மெத்தென்று இருக்கும், பொருத்தியபின் கீழ்த்தடியின் வடிவத்துக்கேற்பக் காய்ந்து அமரும். அவர்கள் வழிவந்த சங்கங்களின் தரவிதி பச்சைத் தடிச் சுவருக்கு உயரத்தில் 6 சதவீதம் இறக்கத்துக்கு இடம் விடச் சொல்கிறது. ஓர் அடிக்கு முக்கால் அங்குலம். பாதி மரத்தின் சுருக்கம், மீதி பாரத்தில் மூட்டுகள் அமுங்குவது. எட்டடிச் சுவர் அரையடி இறங்கும்.

அரையடி என்பதை வீட்டுக்குள் நின்று பார்க்க வேண்டும். படுத்த தடிகளால் ஆன சுவர் 15 செ.மீ. இறங்குகிறது. நடுக்கூடத்தில் உத்தரத்தைத் தாங்கி நிற்கும் தூணும் அதே மரம்தான், ஆனால் நிமிர்ந்து நிற்கிறது. நீளவாக்கில் மரம் சுருங்காது என்பதால் மூன்று மில்லிமீட்டர்கூடக் குறையாது. விட்டுவைத்தால் கூரை நடுவில் புடைத்து ஓரத்தில் தொங்கும். அதனால் தூணின் காலடியில் திருகு ஜாக்கி ஒன்றை வைத்து, அலங்காரப் பலகையால் மூடிவிடுகிறார்கள். சில மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்காரர் பலகையைக் கழற்றி, ஸ்பேனரால் சுற்றுச் சுற்றாகத் தூணைத் தாழ்த்துகிறார். மாடிப்படி, புகைபோக்கி, தண்ணீர்க் குழாய், சமையலறை அலமாரி என்று நிமிர்ந்து நிற்கும் எதையும் சுவரோடு இறுக்கி ஆணி அடிக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் வழுக்கிச் செல்ல இடம் வேண்டும். நான்கடி உயரச் சன்னலின் தலைக்குமேல் மூன்று அங்குலம் வெற்றிடம் விட்டு, ஆட்டுரோமம் திணித்து, அகலச் சட்டத்தால் மறைக்கிறார்கள்.

ரஷ்யக் கிராமத்துத் தச்சர்கள் பொறுமையை வேறிடத்தில் செலவழித்தார்கள். பச்சை மரத்தில் சுவர்க்கூட்டை எழுப்பி, சன்னலும் கதவும் வைக்காமல் ஓராண்டாவது நிற்கவிட்டார்கள். வரிசைகளுக்கு நடுவே பாசியோ சணல் நாரோ திணித்து, வீடு அமர்ந்தபின் மறுபடி ஒருமுறை அடித்து இறுக்கினார்கள். ஒனேகா ஏரியின் கிழி தீவில் 1714இல் எழுந்த, 22 வெங்காய வடிவக் கும்மட்டங்கள் கொண்ட 37 மீட்டர் உயர மரத் தேவாலயம் இந்த மரபின் உச்சம். அண்மைக் காலத்தில் அதை ஜாக்கிகளால் தூக்கி நிறுத்தி, அடிவரிசையிலிருந்து அடுக்கடுக்காகக் கழற்றிச் சீர்செய்து மீண்டும் பொருத்தினார்கள். ஆணியடித்து இறுக்காமல் அடுக்கிய கட்டடம் என்பதால்தான் அது முடிந்தது.

அப்பலாச்சிய மலைக் குடியானவர்கள் இறக்கத்தைப் பற்றி அதிகம் கவலைப்படவில்லை. தடியின் இருபக்கத்தையும் அகலக் கோடரியால் சீவித் தட்டையாக்கி, வரிசைகளுக்கிடையே விரிந்த சந்து விட்டு, களிமண்ணும் சுண்ணாம்பும் வைக்கோலும் குழைத்து அடைத்தார்கள். மரம் சுருங்கினால் அடைப்பு விரிசல் விடும். மறுபடி பூசினால் தீர்ந்தது. இன்று அதற்கு ரப்பர் போல நீளும் பசை வந்துவிட்டது. ஃபின்லாந்துத் தொழிற்சாலைகளோ தடியையே மாற்றிவிட்டன: உலர்த்திய பலகைகளை ஒட்டித் தடி செய்யும்போது நடுப்பலகையின் இழையை நிமிர்த்திவைக்கிறார்கள். நீளவாக்கில் மரம் சுருங்காது என்ற அதே குணம் சுவரின் உயரத்தைத் தாங்கிக்கொள்கிறது. அறிவார்ந்த தீர்வுதான். ஆனால் அதை உருட்டுமரம் என்று அழைக்க எனக்கு நா எழவில்லை.

போராக்ஸ் வகை உப்புக்கரைசல் பூசுவது பூச்சிக்கும் பூஞ்சைக்குமான காவல். அகலமான கூரை இறவாணம் இறக்குவது, அடித்தளத்தைத் தரையிலிருந்து உயர்த்துவது எல்லாம் மழைக்கான காவல். உலர்த்தியபின் மரத்தை உலர்வாகவே வைத்திருக்கும் வேலை அது. இறவாணம் ஒழுங்காக இருந்தால் மற்றதில் பாதி தேவையில்லை.

சுவர் அசையாமல் அமர மூன்று முதல் ஐந்து ஆண்டு ஆகலாம். அதன்பின் ஒருநாள் சன்னலின் தலைச்சட்டத்தைக் கழற்றிப் பார்த்தால், மூன்று அங்குல வெற்றிடம் விரல் நுழையாத அளவுக்குக் குறுகி, ரோமம் அட்டைபோல அமுங்கியிருக்கும். தூணடி ஜாக்கியின் திருகில், இறங்கிய தூரத்துக்கு மசகெண்ணெய் மினுங்கும்.